வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரங்கள்: மேற்குக் கரைக் கிராமங்களில் விவசாயம் எப்படி நடக்கிறது?

செம்மண்:

பக்கத்து இழையில் காசா பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், மேற்குக் கரையில் போர் இல்லையே, அங்கே ஜனங்கள் சாதாரணமாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். அங்கேயே இரண்டு வரி எழுதினேன், மனசு ஆறவில்லை. தனி இழையாகப் போடுகிறேன். தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள், தவறு இருந்தால் திருத்துங்கள்.

2022 அக்டோபரில் லண்டனிலிருந்து ஒரு தன்னார்வக் குழுவோடு ஆலிவ் அறுவடைக்கு உதவப் போனேன். கல்கீலியா நகரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். பெயர் சொல்லவில்லை, தங்க இடம் கொடுத்த வீட்டுக்குத் தொந்தரவு வரக்கூடாது. வீட்டுப் பெரியவருக்கு அப்போது 71 வயது. அவர் மனைவியை ஊரே ஹஜ்ஜா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். நிலம் எட்டு தூனம். ஒரு தூனம் ஆயிரம் சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட். ஆக இரண்டு ஏக்கர். அறுபது ஆலிவ் மரம், மீதியில் கொய்யா. ஆமாம், கொய்யாதான். அங்கே ஜவாஃபா என்பார்கள். கல்கீலியா கொய்யாவுக்குப் பேர்போன இடம். அந்தப் பருவத்தில் தெருவில் நடந்தாலே பழவாசனை வரும்.

வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தோட்டம் கண்ணுக்குத் தெரியும். நடந்தால் கால்மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நடுவில் இஸ்ரேல் போட்ட வேலி இருக்கிறது. சுவர் என்றதும் எட்டு மீட்டர் கான்கிரீட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், அது நகரங்களை ஒட்டி. வயல்காட்டில் அது உணரிகள் பொருத்திய கம்பிவேலி, பக்கத்தில் ரோந்துச் சாலை, பள்ளம், சுருள் முள்கம்பி. அதற்குள் ஒரு மஞ்சள் கேட். பவாபே என்பார்கள். காலை அரைமணி, மதியம் அரைமணி, மாலை அரைமணி திறப்பார்கள். ஆறு மணிக்குத் திறக்க வேண்டிய கேட்டுக்கு ஐந்தேகாலுக்கே டிராக்டர், கழுதை வண்டி, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் வரிசையில் நிற்கும். உள்ளே போக தஸ்ரீஹ் வேண்டும், அதாவது இஸ்ரேல் இராணுவம் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. டிராக்டருக்கு அது தனி. தன் சொந்த நிலத்துக்குப் போக, நான் விவசாயிதான் என்று நிரூபித்து, சீட்டு வாங்கி, முடிந்ததும் புதுப்பித்து, மறுபடியும் நிரூபித்து... 2003 அக்டோபரில் வேலிக்கும் பச்சைக் கோட்டுக்கும் (இஸ்ரேலையும் மேற்குக் கரையையும் பிரிக்கும் 1949 போர்நிறுத்தக் கோடு) நடுவில் இருக்கும் நிலத்தை மூடிய பகுதி என்று இராணுவம் அறிவித்ததிலிருந்து இப்படித்தான் நடந்துவந்தது. நான் போன ஆண்டு வீட்டில் பெரியவருக்கும் ஒரு மகனுக்கும்தான் சீட்டு வந்தது. மற்ற இரண்டு மகன்களுக்கு மறுப்பு. ஹஜ்ஜா விண்ணப்பிக்கவே இல்லை.

ஒருநாள் மதியக் கேட் ஐம்பது நிமிடம் தாமதம். பெட்டியில் அடுக்கிய கொய்யா வெயிலில் கனிந்து ஓரம் கறுக்க ஆரம்பித்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை, தலைத்துணியை நனைத்துப் பெட்டிமேல் போட்டார். சந்தைக்குப் போனபோது பாதி விலைதான் கிடைத்தது.

போர் இல்லை என்பது இதுதான்.

கரிசல்காட்டான்:

படித்துவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை. கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயி நான். இரண்டு சந்தேகம். ஒன்று, நிலத்துக்குப் பட்டா, பத்திரம் இருக்கும் அல்லவா? இருந்தால் எப்படி எடுக்க முடிகிறது? இரண்டாவது, ஆலிவ் வறட்சி தாங்கும் மரம் என்கிறார்கள். பனை மாதிரி விட்டுவிட்டு வருடத்தில் ஒரு தடவை போய்ப் பறித்தால் போதாதா? அறியாமல்தான் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செம்மண்:

அண்ணே, இரண்டாவது கேள்வியைத்தான் நான் முதல் நாளே பெரியவரிடம் கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். மரம் சாகாது, ஆனால் காய்க்காது என்றார்.

மழை முடிந்ததும் உழவேண்டும், கோடைக்குள் இன்னொரு உழவு. களை எடுக்கவும், ஈரம் உள்ளேயே தங்கவும் அது வேண்டும். அறுவடை முடிந்ததும் கவாத்து. பல இடங்களில் மலைச்சரிவில் படிப்படியாகக் கல் அடுக்கித்தான் வயல், சிமெண்ட் இல்லாத கல்வரப்பு, சனாசில் என்பார்கள். ஒவ்வொரு மழைக்கும் எங்காவது கல் சரியும், உடனே எடுத்து அடுக்காவிட்டால் அடுத்த மழையில் மண்ணே போய்விடும். பாசனம் கிடையாது, வானம் பார்த்த பூமிதான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் பஅல். கானான் காலத்து மழைத்தெய்வத்தின் பேர் அது, மதங்கள் எத்தனையோ மாறியும் மானாவாரிக்கு இன்னும் அந்தப் பேர்தான். தக்காளி, வெள்ளரியில்கூட பஅல் காய் என்றால் சந்தையில் மதிப்பு அதிகம்.

ஆலிவ் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் அடுத்த வருடம் குறையும். கவாத்து செய்யாவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் மோசமாகும். உழாத தோட்டத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து மே மாதம் காய்ந்து நிற்கும். ஒரு பொறி விழுந்தால் போதும். தீயணைப்பு வண்டி கேட் திறக்கும்வரை நிற்க வேண்டியதுதான். ஐ.நா. மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகம் வேலிக்கு இந்தப் பக்க மரங்களையும் அந்தப் பக்க மரங்களையும் வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. அந்தப் பக்கம் விளைச்சல் பாதிக்கும் கீழே. மண் ஒன்று, மழை ஒன்று, மரம் ஒன்று. ஆள் போகமுடிகிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இதனால் பயிரே மாறிப்போகிறது. தினமும் பார்க்க வேண்டிய காய்கறிப் பசுமைக்குடிலை முதலில் கைவிடுவார்கள். அடுத்து எலுமிச்சை, ஆரஞ்சு. கொய்யாவைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ஆலிவ் மட்டும், அதையும் உழமுடியாமல்.

தராசு:

பட்டா கேள்விக்கு நான் முயற்சி செய்கிறேன். என் தொழில் சொத்து வழக்குகள்தான். இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்து இரண்டு வாரம் வேறெதிலும் மனசு போகவில்லை.

வேர் 1858-ல் உதுமானியப் பேரரசு போட்ட நிலச்சட்டத்தில் இருக்கிறது. அதில் கிராமத்து விளைநிலத்தில் பெரும்பகுதி மீரி என்ற வகை. இறுதி உரிமை அரசுக்கு, அனுபவ உரிமை உழுபவனுக்கு, அது வாரிசுக்கும் போகும். பத்து ஆண்டு தொடர்ந்து உழுதால் உரிமை உறுதி. மூன்று ஆண்டு தரிசாக விட்டால் அரசு எடுத்துக்கொள்ளலாம். நிலம் தரிசாகக் கிடக்கக் கூடாது, வரி வரவேண்டும் என்பதற்காகப் போட்ட விதி அது. பேர் பதிந்தால் வரியும் பட்டாள ஆள்சேர்ப்பும் தேடிவரும் என்று பயந்து பலர் பதியவே இல்லை. பிறகு பிரிட்டிஷார் காலத்திலும் ஜோர்டான் காலத்திலும் அளந்து பதியும் வேலை நடந்தது. 1967 ஜூன் போரில் இஸ்ரேல் மேற்குக் கரையைப் பிடித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் முடிந்திருந்தது. 1968-ல் இராணுவ உத்தரவு போட்டு அந்தப் பதிவு வேலையை நிறுத்திவிட்டார்கள். அதாவது கரிசல் அண்ணன் கேட்கும் பட்டா பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைக்கவே விடவில்லை. கையில் இருப்பது வரி ரசீது, பாகப்பிரிவினைத் தாள், பக்கத்து நிலத்துக்காரர் சாட்சி.

முதலில் குடியேற்றங்களுக்கு, அதாவது மேற்குக் கரைக்குள் இஸ்ரேலியர்களுக்காகக் கட்டும் ஊர்களுக்கு, நிலம் எடுத்தது இராணுவத் தேவை என்ற பெயரில். 1979-ல் நாப்லஸ் பக்கம் எலோன் மோரே வழக்கில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே, தனியார் நிலத்தை இப்படி எடுத்துக் குடியேற்றம் கட்டக்கூடாது என்றது. நல்ல தீர்ப்பு என்று நினைப்பீர்கள். அதற்குப் பிறகுதான் அந்த 1858 சட்டத்தைத் தூசிதட்டி எடுத்தார்கள். வான்வழிப் படங்களை வைத்துக்கொண்டு எது உழப்படவில்லை என்று பார்த்து, அதை அரசு நிலம் என்று அறிவிப்பது. இந்த வழியில் சுமார் 9 லட்சம் தூனம் போனது. பாறையும் மண்ணும் கலந்த மலைச்சரிவில் உழவன் மண் இருக்கும் இடத்தில்தானே உழுவான்? துண்டில் பாதிக்குமேல் உழவு தெரியாவிட்டால் அது உழாத நிலம் என்பது அவர்கள் கொடுத்த விளக்கம்.

சரி, அரசு நிலம் என்றால் பொதுமக்களுக்குத்தானே? 2018-ல் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கிய கணக்கு வெளிவந்தது. மேற்குக் கரையில் 1967 முதல் ஒதுக்கிக் கொடுத்த அரசு நிலத்தில் பாலஸ்தீனர்களுக்குப் போனது 0.24 சதவீதம்.

இப்போது செம்மண் சொன்ன கேட்டையும் இதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு கையால் உழப் போகாமல் தடுப்பது, மறுகையால் உழவில்லை என்று எழுதிக்கொள்வது.

செம்மண்:

தராசு சொன்னது ஏட்டில் மட்டும் இருப்பதில்லை, ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொய்யா விலை அடிமட்டத்துக்குப் போன வருடம்கூட, நட்டம் என்று தெரிந்தும் உழுகிறார்கள் என்றால் அதனால்தான்.

அனுமதி விதிகளில் இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். ஒருவரின் பங்கு 330 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தால், அது மிகச் சிறிய துண்டு, அதில் விவசாயத் தேவை இல்லை என்று சீட்டு மறுக்க அப்போது விதி இருந்தது. பெரியவர் ஒரு மாலை மாடியில் உட்கார்ந்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். எட்டு தூனம் என்றால் எட்டாயிரம் சதுர மீட்டர். பேரன் பேத்திகள் அன்றைக்கு 25 பேர். தோராயமாகச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 320. விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டு, பத்து மீட்டர் குறைகிறது பார் என்றார். அதாவது யாரும் வந்து பிடுங்க வேண்டாம், குடும்பம் பெருகினாலே போதும்.

நேர்கோடு:

இழை ஒருதலைப்பட்சமாகப் போகிறது, மன்னிக்கவும். வேலி ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லையே? 2002-ல் பேருந்திலும் உணவகத்திலும் தற்கொலைக் குண்டு வெடித்து இஸ்ரேலில் நூற்றுக்கணக்கான பொதுமக்கள் செத்தார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் ஒரே நாளில் சுமார் 1,200 பேர் செத்தார்கள். எந்த அரசாக இருந்தாலும் தன் மக்களைக் காப்பாற்ற வேலி போடத்தான் செய்யும். விவசாயிக்குச் சிரமம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உயிரா கொய்யாவா என்று கேட்டால்?

தராசு:

நியாயமான கேள்வி. அந்தக் குண்டுவெடிப்புகள் நடந்தன, செத்தவர்கள் அப்பாவிகள், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதனால்தான் வேலி எதற்கு என்பதைவிட எங்கே என்று கேட்க வேண்டும். பச்சைக் கோட்டின் நீளம் சுமார் 320 கிலோமீட்டர், வேலிக்குத் திட்டமிட்ட நீளம் 700-க்கும் மேல். ஏன் இரட்டிப்பு? ஏனென்றால் அது கோட்டின்மேல் போகவில்லை. ஏறக்குறைய 85 சதவீதம் மேற்குக் கரைக்கு உள்ளே வளைந்து வளைந்து போகிறது, குடியேற்றங்களையும் அவற்றின் எதிர்கால நிலத்தையும் அணைத்துக்கொண்டு. 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில் இப்படி உள்ளே கட்டியது சட்டவிரோதம் என்றது.

அதை ஏற்கமாட்டேன் என்றால் இஸ்ரேலின் சொந்த உச்ச நீதிமன்றத்தைப் பாருங்கள். 2004 ஜூனில் பெய்த் சூரிக் வழக்கில் விவசாயிகளுக்கு வரும் பாதிப்பு அளவுக்கு மீறியது என்று பாதையை மாற்றச் சொன்னது. 2006-ல் அஸ்ஸூன் கிராமத்து வழக்கு. இது செம்மண் இருந்த இடத்துக்குப் பக்கம்தான். அங்கே வேலிப் பாதையைத் தீர்மானித்ததில் ட்ஸூஃபின் குடியேற்றத்தின் தொழிற்பேட்டைத் திட்டத்துக்குப் பங்கு உண்டு, முன்பு நடந்த வழக்கில் அதை நீதிமன்றத்திடம் சொல்லாமல் அரசு மறைத்துவிட்டது என்று தெரியவந்தது. அந்தத் துண்டைப் பிரித்தெடுக்கச் சொன்னார்கள். 2007-ல் பில்இன் வழக்கிலும் அப்படித்தான், குடியேற்றத்தின் புதிய பகுதிக்காகப் போட்ட பாதை, மாற்று என்றது நீதிமன்றம். மாற்ற 2011 ஆனது, அதுவரை வெள்ளிக்கிழமை தோறும் ஊரே போராடியது. பாதுகாப்புக்குத்தான் வேலி என்றால் தொழிற்பேட்டை எங்கிருந்து வந்தது?

நேர்கோடு:

அஸ்ஸூன் விஷயம் எனக்குத் தெரியாது. தேடிப் படித்தேன், சொன்னபடிதான் இருக்கிறது. பாதுகாப்பு அச்சம் உண்மையானது என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது, ஆனால் வேலியின் பாதையை இனி அந்தக் காரணம் சொல்லி நியாயப்படுத்த மாட்டேன்.

நிலவேம்பு:

செம்மண், பெண்களைப் பற்றி ஒரு வரிதான் சொன்னீர்கள். ஹஜ்ஜா ஏன் விண்ணப்பிக்கவில்லை? அப்புறம் தண்ணீர்?

செம்மண்:

சரியாகப் பிடித்தீர்கள் அக்கா. அறுவடை என்றால் அங்கே ஆண் வேலை பெண் வேலை என்று பிரிவு கிடையாது. குடும்பம் முழுக்கத் தோட்டத்தில், மரத்தடியில் துணி விரித்து, ஏணியில் ஏறிக் கையால் உருவி, சின்னச் சீப்புப் பட்டையால் வாரி. பள்ளிக்கூடத்துக்குக்கூட ஓரிரு நாள் விடுமுறை விடுவார்கள். கல் மூட்டி அங்கேயே டீ, அதில் மரமிய்யா என்ற வாசனை இலை. பாட்டு பாடுவதும் சண்டை சமாதானம் ஆவதும் கல்யாணம் பேசுவதும் அங்கேதான். அடுத்தவர் தோட்டத்துக்கு ஆள் குறைந்தால் கூலி வாங்காமல் போய் நிற்பதற்கு அவூனே என்று பேர். ஹஜ்ஜா சொன்னது, அவருக்குப் பதினேழு வயதில் கல்யாணமாகி வந்தபோது முதல் அறுவடையில்தான் மாமியாரோடு பேச்சே சகஜமானது என்று.

சீட்டு முறையில் இதெல்லாம் உடைந்துவிட்டது. சீட்டு நிலத்துக்காரருக்கு, கூட வேலையாள் என்று எண்ணிக்கைக்கு உட்பட்டு ஒன்றிரண்டு பேருக்கு. ஹஜ்ஜா முன்பு இரண்டு தடவை விண்ணப்பித்து மறுப்பு வந்ததும் விட்டுவிட்டார். இருக்கிற எண்ணிக்கையில் பையன்களுக்குக் கிடைக்கட்டும், மூட்டை தூக்கவாவது ஆகும் என்று நினைத்தார். அவர் அந்தத் தோட்டத்துக்குள் போய் நான் போனபோதே ஆறு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் கொண்டுவரும் மூட்டையைக் கொட்டி இலை பொறுக்கும்போது, இது மேற்கு மூலை மரத்துக் காய், இது கிணற்றோர மரம் என்று தனித்தனியாகச் சொல்வார். நான் நம்பாமல் பெரியவரைப் பார்ப்பேன், அவர் தலையாட்டுவார்.

எண்ணெய் ஆட்டும் இரவு வீட்டில் திருவிழா. செக்கு என்று சொல்லமுடியாது, இப்போது எல்லாம் மின்இயந்திரம், மஅஸரா என்பார்கள். விடியவிடிய முறைக்குக் காத்திருந்து, முதல் எண்ணெயைச் சூடான ரொட்டியில் ஊற்றி அங்கேயே சாப்பிடுவார்கள். தொண்டையில் காரமாக ஏறும், இருமல் வரும், நல்ல எண்ணெய் என்றால் அப்படித்தான். தகரத்தில் அளப்பார்கள், ஒரு தனகே 16 கிலோ. வீட்டுக்கு வருடத்துக்கு எத்தனை தனகே என்பதுதான் அந்த ஊரின் பொருளாதாரம்.

தண்ணீரும் இதே கதை. 1967 நவம்பரிலேயே இராணுவ உத்தரவு 158 போட்டார்கள். அனுமதி இல்லாமல் கிணறு தோண்டவோ தண்ணீர் சம்பந்தமான எதையும் புதிதாகக் கட்டவோ கூடாது. மழைநீர்த் தொட்டியைக்கூட அனுமதி இல்லை என்று இடித்த ஊர்கள் ஹெப்ரோனுக்குத் தெற்கே நிறைய உண்டு. பக்கத்தில் ஜய்யூஸ் என்ற ஊரில் வேலி வந்தபோது விளைநிலத்தில் பெரும்பகுதியோடு ஆறு கிணறுகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. பல வருடம் வழக்கு நடத்தி, 2014-ல் வேலியைக் கொஞ்சம் நகர்த்தினார்கள், ஒரு பகுதிதான் திரும்பி வந்தது.

ஏரிக்கரை:

தண்ணீர் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். பெத்லகேமுக்கு மேற்கே பத்தீர் என்ற கிராமம். ரோமானியர் காலத்துக் குளம், ஊற்று, கல் வாய்க்கால், அடுக்கு வயல். எட்டுப் பெரிய குடும்பங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள் தண்ணீர். நம் ஊரில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான். அதனால் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்பது அங்கே சொலவடை.

1949 போர்நிறுத்தக் கோடு அந்த ஊரை ஒட்டிப் போனது, நிலத்தில் ஒரு பகுதி இஸ்ரேல் பக்கம். ஹசன் முஸ்தஃபா என்ற ஊர்க்காரர் முன்னின்று பேசியதில், அந்த வழியாகப் போகும் ரயில் பாதைக்கு ஊரார் தீங்கு செய்யமாட்டார்கள், அவர்கள் தங்கள் நிலத்தில் தொடர்ந்து உழலாம் என்று ஒப்பந்தம் ஆனது. வேலி இல்லாமல், கேட் இல்லாமல் பல பத்தாண்டுகள் நடந்தது அது. நேர்கோடு அவர்களுக்காகத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன், இப்படியும் செய்ய முடிந்திருக்கிறது. 2014-ல் யுனெஸ்கோ அந்த அடுக்கு வயல்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே போட இருந்த வேலியும் நின்றது. ஆனால் 2024-ல் அந்த வட்டாரத்திலேயே நஹல் ஹெலட்ஸ் என்ற புதுக் குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மட்டக்களப்பான்:

நான் இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு, சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. 2023 நவம்பரில் இலங்கை அரசு இஸ்ரேலுக்கு 10,000 பேரை விவசாய வேலைக்கு அனுப்ப ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். என் சித்தி மகனும் போனான். 2022-க்குப் பிறகு இங்கே சீவிக்க வழியில்லை, கடன் கழுத்துமட்டும். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

அவன் ஒருநாள் தொலைபேசியில் சொன்னான், அண்ணா, நான் படுக்கிற அறையில் சுவரில் அரபியில் பென்சிலால் கோடு கோடாக நாள் எண்ணி வைத்திருக்கிறது, எனக்கு முன்னம் இருந்தவர் யார் என்று கேட்டால் மேற்குக் கரையில் இருந்து வந்த ஆட்கள், இப்போது அவர்களுக்கு அனுமதி இல்லை என்கிறார்கள். அவனும் விவசாயியின் பிள்ளை. அந்த ஆட்களுக்கு ஊரில் காணி இருந்திருக்கும்தானே, ஏன் இங்கே கூலிக்கு வந்தார்கள் என்று என்னைக் கேட்டான். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. இந்த இழையை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

செம்மண்:

நன்றி சகோதரா, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. அந்தக் கேள்வியில்தான் முழுக்கதையும் இருக்கிறது. நிலம் சோறு போடாமல் போனதும் ஆண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கட்டட வேலைக்கும் தோட்டக் கூலிக்கும் போனார்கள். 2023 அக்டோபருக்கு முன்னால் மேற்குக் கரையிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் வேலை பார்த்தார்கள். பெரியவரின் சீட்டு மறுக்கப்பட்ட ஒரு மகனும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். நிலத்துக்குப் போக அனுமதி இல்லாதவருக்குக் கூலிக்குப் போக அனுமதி கிடைத்தது. இது எப்படி என்று நான் கேட்டதற்கு, கேட்காதே என்று சொல்லிவிட்டார். இப்போது அதுவும் இல்லை. அந்த இடத்துக்குத்தான் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆள் எடுத்தார்கள்.

ஆழி:

குடியேறிகள் மரம் வெட்டுவது, அடிப்பது பற்றி நிறையக் காணொளி வருகிறது. அதை யாரும் தொடவே இல்லையே?

செம்மண்:

நான் தங்கிய ஊர்ப் பக்கம் வேலிதான் பெரிய பிரச்சினை. நாப்லஸ், ரமல்லா மலைக் கிராமங்கள் பலவற்றில் வேலி இல்லை, குன்றின் உச்சியில் குடியேற்றம், சரிவில் கிராமத்து மரம். நாப்லஸுக்குத் தெற்கே ஒரு ஊருக்கு நாங்கள் இரண்டு நாள் போனோம். ஏன் இரண்டு நாள் என்றால் அங்கே தன்சீக் என்று ஒரு முறை. 2006-ல் உச்ச நீதிமன்றம், விவசாயி தன் நிலத்துக்குப் போக இராணுவம் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும், தாக்குதலைக் காரணம் சொல்லி விவசாயியையே தடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அது நடைமுறைக்கு வந்தபோது என்ன ஆனது என்றால், குடியேற்றத்தை ஒட்டிய நிலத்துக்கு வருடத்தில் சில நாள் மட்டும் தேதி குறித்துக் கொடுப்பது. அந்த நாளில் முந்நூறு மரத்தையும் பறித்தாக வேண்டும். நாங்கள் போனபோது மேல் வரிசையில் ஏற்கெனவே யாரோ பறித்துப் போய்விட்டார்கள், சில கிளைகள் ரம்பத்தால் அறுத்துத் தொங்கின. அந்த வீட்டுப் பெண் ஒவ்வொரு வெட்டுவாயிலும் மண் குழைத்துப் பூசிக்கொண்டே போனார், அழவில்லை.

இப்போது நிலைமை அதைவிட மோசம். 2025 அக்டோபரில் மட்டும் குடியேறிகளின் 260-க்கும் மேற்பட்ட தாக்குதல்களை ஐ.நா. பதிவு செய்தது. 2006-ல் கணக்கெடுக்க ஆரம்பித்ததிலிருந்து அதுவரை ஒரே மாதத்தில் இவ்வளவு வந்ததில்லை. அறுவடை மாதம் அது.

கரிசல்காட்டான்:

தம்பி, உங்கள் பெரியவர் தோட்டம் இப்போது எப்படி இருக்கிறது? 2023-க்குப் பிறகு யாராவது போனார்களா? கொய்யா போயிருக்கும், அது தெரிகிறது. ஆலிவ் அடிமரம் உயிரோடு இருந்தால் மீட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தூரில் துளிர்விட்டிருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? இரண்டு நாளாக அதே நினைப்பு.

செம்மண்:

கேட்டுச் சொல்கிறேன் அண்ணே. 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு அந்தப் பகுதிக்குக் கொடுத்த சீட்டுகளை நிறுத்திவைத்தார்கள், பெரும்பாலான கேட்டுகள் மூடியே இருந்தன. அந்த வருடக் காய் மரத்திலேயே கறுத்து உதிர்ந்தது. பெரியவருக்கு இப்போது 74. மாடி ஏறுவதைக் குறைத்துக்கொண்டார் என்று மகன் சொன்னார். முழங்கால் வலியாம்.

செம்மண்:

நேற்றிரவு குரல் பதிவு வந்தது, அப்படியே எழுதுகிறேன். இந்தப் பருவத்தில் இரண்டு நாள் கேட் திறந்திருக்கிறார்கள், வீட்டில் ஒருவர் பேர்தான் பட்டியலில் வந்தது, சின்ன மகன் போய்ப் படம் எடுத்து வந்திருக்கிறார். கொய்யா முழுக்கக் காய்ந்துவிட்டது. கிழக்கு வரிசையில் பதினோரு ஆலிவ் மரம் புல்தீயில் கருகியிருக்கிறது. மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது. கரிசல் அண்ணன் கேட்டபடியே தூரிலிருந்து ஆள் உயரத்துக்குக் குச்சிகள் கிளம்பி, மேலே போக வேண்டிய சத்தையெல்லாம் இழுக்கின்றன. கருகியதில்கூட மூன்றில் அடித்துளிர் தெரிகிறதாம்.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயி உங்கள் மரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று சொன்னேன். அவர் ஊரில் இந்த வருடம் மழை உண்டா என்று பெரியவர் திருப்பிக் கேட்டார். மரத்தை மீட்க என்ன வேண்டும் என்று கேட்டேன். தூர்க்குச்சிகளை அறுத்து, பட்டதைக் கழித்து, ஒரு உழவு போட்டால் மூன்றாம் வருடம் காய்க்கும் என்றார். அதற்கு நாலு நாள், இரண்டு ஆள், ஒரு ரம்பம், கழுதையைப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாமாம்.